ஃபேனுக்கு எண்ணெ சொல்ற ஆளு

விருத்தகிரி கம்ப்யூட்டருக்கு எண்ணெ ஊத்துனாரு, கம்ப்யூட்டரு டப்புன்னு அணைஞ்சிபோச்சு, அத அபசகுனம்னு நெனச்சி சிங்கப்பூரு மாப்ள அவரு பொண்ண வேணான்னுட்டான். இதான் இன்னிக்கி வரைக்கும் ஊருக்குள்ள ஓடற பேச்சு. பாலக்கரையில கேட்டா இவ்ளோதான். ஜங்ஷன் பக்கம் போனா கம்ப்யூட்டரு தீப்புடிச்சிக்குது. பஸ்ஸு கம்மாபுரம் போயி சேர்றதுக்குள்ள அந்தத் தீயில மாப்ள மீசை கருகிடுது. சிங்கப்பூர்ல இருக்கற மீசை விருத்தாசலத்துல புடிச்ச தீயில எப்பிடிங்க கருவும்? கேக்க ஆளில்ல.

நடந்தது என்னான்னு நான் சொல்றன். அன்னிக்கி நான் அந்தக் கடையிலதான் இருந்தன். ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தன். கையில ஜெராக்ஸ் எடுக்க ஒண்ணுமில்லதான். அதுக்குன்னு போவக்கூடாதா?

அதுக்கு முன்னாடி விருத்தகிரி எந்த ரகத்து ஆளுன்னு நீங்க தெரிஞ்சிக்கணும்.

இந்த ரகம் உங்க தெருவுலயும் ஒண்ணு கண்டிப்பா இருக்கும். ஒலகத்துல எது சத்தம் போட்டாலும் அதுக்கு ஒரு எண்ணெ சொல்லாம இவங்களால அந்த எடத்த வுட்டு நகர முடியாது. கதவு கிறீச்சுன்னா வெளக்கெண்ணெ, சைக்கிள் பெடலு கடக்குன்னா இஞ்சின் ஆயிலு, கிரைண்டரு முனகுனா தேங்காயெண்ணெ, பக்கத்து வூட்டுப் பச்சப்புள்ள ராவு பகலா அழுதா தொப்புள்ள ரெண்டு சொட்டு நல்லெண்ணெ, புருசன் பொண்டாட்டி சண்டன்னா சனிக்கெழம ரெண்டு பேரும் எண்ணெ தேச்சிக் குளிங்கன்னு ஒரு வார்த்த. எல்லாத்துக்கும் எண்ணெதான். எங்க ஊரு செராமிக் கம்பெனி ஒண்ணுல விருத்தகிரி அப்ப ஸ்டோர் கீப்பரு. கம்பெனியோட எண்ணெ டின்னெல்லாம் அவரு பொறுப்பு. அந்த டின்னுங்களுக்கு நடுவுல இருவத்திரெண்டு வருஷமா ஒக்காந்திருந்தா மனுஷனுக்கு ஒரு தெய்வ வாக்கு வந்துடும் போல.

வாக்கு சும்மா வராது. அதுக்கு ஒரு சடங்கு இருக்குது. மொதல்ல கையத் தூக்கி எல்லாரையும் அடக்குவாரு. அப்பறம் தலையச் சாச்சி, கண்ண மூடி, காத மெஷினுக்குப் பக்கத்துல வச்சி, புள்ளத்தாச்சி வயித்துல டாக்டரம்மா கேக்கற மாதிரி கேப்பாரு. நாமளும் மூச்சப் புடிச்சிக்கிட்டு நிக்கணும். கடசியில கண்ணத் தொறந்து சொல்லுவாரு.

"ம். இது காஞ்ச சத்தம்."

காஞ்ச சத்தம், பட்டினிச் சத்தம், கோவத்துச் சத்தம்னு மூணு வச்சிருக்காரு. மூணுக்கும் மருந்து சட்டப் பாக்கெட்டுலயே இருக்குது, பழைய ஃபிலிம் ரோலு டப்பாவுல. அந்தப் பாக்கெட்டு எந்நேரமும் ஊறிப்போயி, எதுத்தாப்புல நின்னா உள்ள இருக்கற பத்து ரூவாயோட நம்பர கூட படிக்கலாம்.

எண்ணெ வுட்டும் சத்தம் நிக்கலன்னா? நிக்கலன்னு ஒரு பேச்சே அவங்ககிட்ட கெடையாது. வுட்டது பத்தல. வுட்ட நேரம் சரியில்ல. நான் சொன்ன கடையில நீ வாங்கல. இதுல ஒண்ணுதான் இருக்கும்.

இப்ப விஷயத்துக்கு வரன்.

இது ரெண்டாயிரத்தி ஆறு, மே மாசம். விருத்தகிரிக்கு ஒரே பொண்ணு, மோகனப்பிரியா. பொம்மக் கம்பெனியில பொம்மைங்களுக்குக் கண்ணு எழுதற வேல. அவ எழுதுன கண்ணப் பாத்தா பொம்ம நம்மள ஏதோ கேக்க வர்ற மாதிரியே இருக்கும். அந்தப் பொண்ணுக்கு ஸ்ரீமுஷ்ணத்துல இருந்து ஒரு வரன் வந்துச்சி. பையன் பேரு பிரவீன்குமாரு, சிங்கப்பூர்ல ஏசி மெக்கானிக்கு. பையன் வூட்டு ஆளுங்க வந்து பாத்து, பஜ்ஜி தின்னு, புடிச்சிப்போயி, பையனும் பொண்ணும் ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டா தேதி வச்சிடலாம்னுட்டாங்க. பையனுக்கு லீவு இல்ல. அதனால கம்ப்யூட்டருல பாத்துக்கறதுன்னு முடிவு. ஞாயித்துக்கெழம மூணு மணி. அவன் தங்கியிருக்கற ரூம்ல பதினாலு பேருக்கு ஒரே கம்ப்யூட்டரு, இவனுக்கு அரமணி நேரம். அதத் தாண்டுனா அடுத்தவன் புடிச்சித் தள்ளிடுவான்.

மோகனப்பிரியா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "நான் அவர ஒரு கேள்வி கேக்கணும்மா. கல்யாணத்துக்கப்பறம் நான் வேலக்கிப் போலாமா கூடாதா? அத அவரு வாயால சொல்லணும். அதுக்கப்பறந்தான் சரின்னு சொல்லுவன்."

அவங்கம்மா மாரியம்மாளுக்கும் அது ஞாயமாத்தான் பட்டுது. அரமணி நேரத்துல ஒரு கேள்வி கேக்க முடியாதா?

எங்க ஊர்ல அப்ப கேமரா வச்ச கம்ப்யூட்டரு பூங்கோதையோட ஜெராக்ஸ் கடையில ஒண்ணுதான். கட செராமிக் பேட்டையில இருக்குது. பக்கத்துச் செவுத்துக்கு அந்தாண்ட கல்லு அரைக்கற ஷெட்டு. எந்நேரமும் வெள்ள மாவு பறக்கும். அந்தத் தெருவுல ஒரு பூனை போனா அது வெள்ளப் பூனையா, கருப்புப் பூனை மேல மாவு படிஞ்சிருக்குதான்னு தண்ணி ஊத்திப் பாத்தாதான் தெரியும். பூங்கோதையோட கேமரா கம்ப்யூட்டரு ரெண்டு மாசமா கொர்ருன்னு கத்திக்கிட்டு இருந்துச்சி. உள்ள சூடு ஏறாம இருக்க ஒரு குட்டி ஃபேனு சுத்துமாம், அதோட சத்தம்.

புதன்கெழம விருத்தகிரி முன்கூட்டியே மெஷின பாத்துட்டுப் போவலாம்னு வந்தாரு. வந்தவரு காதுல அந்தக் கொர்ரு வுழுந்துச்சி. அவ்ளோதான்.

"தங்கச்சி, இது காஞ்ச சத்தம்."

"ரெண்டு மாசமா இப்பிடித்தாங்கண்ணே ஓடுது. சத்தந்தான். ஓடுதில்ல, வுடுங்க."

"ஓடறது வேற, நல்லா ஓடறது வேறம்மா. எம்பொண்ணு வாழ்க்க இதுக்குள்ள இருக்குது. தொற பொட்டிய."

"ஃபேன்ல எங்க வுடணும்னு தெரியுமாண்ணே?"

"எண்ணெக்கி வழி தெரியும்மா. அது தானா போயிடும்."

எண்ணெ தானா போச்சு. சுத்திக்கிட்டு இருந்த ஃபேன்ல பட்டு, சாமி படத்து மேல கொஞ்சம், காலண்டர் மேல கொஞ்சம், பூங்கோதை கண்ணாடி மேல மீதின்னு போச்சு. அது தேங்காயெண்ணெ. ஒரு மணி நேரம் சத்தமே இல்ல. விருத்தகிரி வாசல்ல நின்னு போற வர்றவங்களக் கூப்புட்டு, "வந்து கேளு, ஒண்ணும் கேக்காது"ன்னு காட்டிக்கிட்டு இருந்தாரு. வியாழக்கெழம சத்தம் ரெண்டு மடங்காச்சு. வெளக்கெண்ணெ வுட்டாரு. வெள்ளிக்கெழம அது வேற ராகத்துல பாடுச்சி. நல்லெண்ணெ. சனிக்கெழம டிவிஎஸ் ஃபிஃப்டியிலேர்ந்து உறிஞ்சி எடுத்த இஞ்சின் ஆயிலு. ஞாயித்துக்கெழம காலையில அந்தக் கம்ப்யூட்டரு போட்ட சத்தம் இருக்குதே, வேப்பூர்ல லாரி கியர் மாத்தற மாதிரி இருந்துச்சிங்க. கடைக்குள்ள தாளிக்கற வாசன வேற.

மூணு மணி. மோகனப்பிரியா பச்சக் கலர் பொடவயில கேமரா முன்னாடி ஒக்காந்தா. பின்னாடி மாரியம்மாளு. அவங்களுக்கும் பின்னாடி விருத்தகிரி. இந்தாண்ட மூலையில ஜெராக்ஸுக்கு நானு. திரையில மாப்ள வந்தான். பையன் லட்சணமாத்தான் இருந்தான்.

"வணக்கம் அத்த. வணக்கம் மாமா." அப்பறம் பொண்ணப் பாத்து ஒரு சிரிப்பு. பொண்ணும் லேசா சிரிச்சிட்டு வாயத் தொறந்தா. அதுக்குள்ள மாப்ள கேட்டான்: "ஏன் மாமா, மாவு மில்லுல ஒக்காந்திருக்கீங்களா?"

"இல்ல மாப்ள, கம்ப்யூட்டரு ஃபேனு. நாலு எண்ணெ வுட்டாச்சு."

"எண்ணெயா?" மாப்ள நிமுந்து ஒக்காந்தான். "கொஞ்சம் மைக்க கிட்ட வைங்க மாமா, கேப்போம்."

விருத்தகிரி பொண்ணு கையில இருந்த மைக்க வாங்கி ஃபேனுகிட்ட வச்சாரு. மாப்ள கண்ண மூடுனான். தலையச் சாச்சான். ஸ்பீக்கர்கிட்ட காத வைக்கறன்னு கேமராகிட்ட வச்சான். திரை முழுக்கக் காது. ஒத்தக் காது. கடுக்கன் போட்ட ஓட்ட கூட தெளிவாத் தெரிஞ்சுது.

"மாமா, இது காஞ்ச சத்தம்."

விருத்தகிரி கண்ணு கலங்கிப்போச்சு. இருவத்திரெண்டு வருஷமா அந்த வார்த்தய அவரு மட்டுந்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. கடலு தாண்டி ஒருத்தன் அதே வார்த்தய சொல்றான்! பொண்ணு ஒக்காந்திருந்த நாக்காலிய அப்பிடியே ஓரமாத் தள்ளிட்டு முன்னால வந்தாரு.

"அப்ப என்னா எண்ணெ வுடலாம், மாப்ள?"

"எண்ணெயே வுடக்கூடாது மாமா. கிரீஸ் வைங்க."

"கிரீஸா?"

"ஆமா மாமா. ஏசி ஃபேனுக்கெல்லாம் நான் அதான் வைக்கிறன்."

"தம்பி," மாப்ள அதுக்குள்ள தம்பி ஆயிட்டான், "இது சுண்டக்கா அளவு ஃபேனு. கிரீஸ் வச்சா அது எப்பிடி சுத்தும்? இறுக்கிப் புடிச்சிக்காதா?"

"எண்ணெ வடிஞ்சிடும் மாமா."

"கிரீஸ் காஞ்சிடும் தம்பி."

மோகனப்பிரியா ஓரத்துலேர்ந்து, "ஏங்க, நான் ஒண்ணு..."ன்னா.

"ஒரு நிமிஷம் இரும்மா"ன்னு ரெண்டு காதும் ஒண்ணாச் சொல்லுச்சுங்க, சிங்கப்பூர்ல ஒண்ணு, விருத்தாசலத்துல ஒண்ணு.

மாரியம்மாளு பின்னாடியிருந்து இடிச்சாங்க. "ஏங்க, நேரம் போவுதுங்க. புள்ளய பேச வுடுங்க."

"பேசட்டும், யாரு வேணான்னது? இதோ முடிச்சிடறன்."

முடியுமா? பேச்சு கிரீஸ்லேர்ந்து பேரிங்குக்குப் போச்சு, பேரிங்குலேர்ந்து பம்புசெட்டுக்குப் போச்சு, மாப்ள ஒரு பேப்பர்ல படம் போட்டு கேமராவுக்குக் காட்டுனான், விருத்தகிரி ஃபிலிம் டப்பாவ ஒவ்வொண்ணாத் தொறந்து காட்டுனாரு, கேமராவுல வாசன போவாதுன்னு தெரிஞ்சும் மோந்து பாக்கச் சொன்னாரு, அந்தப் பாவியும் மோந்தான். நேரம் மூணு இருவத்தெட்டு.

மோகனப்பிரியா எழுந்தா. அப்பா தோளுக்கு மேலால எட்டி, கத்தியே கேட்டா: "கல்யாணத்துக்கப்பறம் நான் வேலக்கிப் போலாமா, கூடாதா?"

கட அமைதியாச்சு. ஃபேன தவுர. மாப்ள மறுபடியும் அவள நேராப் பாத்தான். நானே ஜெராக்ஸ் மெஷின வுட்டு எழுந்துட்டன்.

"நல்லா கேட்டம்மா"ன்னான். "ஆனா ஒண்ணு மாமா, அந்த ஃபேனு பின்னாடி ஒரு ஸ்டிக்கர் இருக்குமே, அத..."

அதுக்குள்ள பின்னாலேர்ந்து ஒரு கையி வந்து அவன சட்டையோட இழுத்துடுச்சி. திரையில வேற எவனோ ஒருத்தன் தலையத் தொவட்டிக்கிட்டு ஒக்காந்தான்.

கம்ப்யூட்டரு அணைஞ்சிபோச்சா? இல்லிங்க. அது பாட்டுக்கு கொர்ருன்னு ஓடிக்கிட்டுதான் இருந்துச்சி. மாப்ள வேணான்னானா? அதுவுமில்ல. அன்னிக்கி சாயந்திரமே போன் பண்ணி, பொண்ணப் புடிச்சிருக்குது, மாமாவ ரொம்பப் புடிச்சிருக்குதுன்னு சொன்னானாம்.

வேணான்னது பொண்ணு. அங்கயே, நின்ன எடத்துலயே சொன்னா.

"எனக்கு வேணாம்மா."

"ஏன்டி? பையன் நல்லாத்தானே இருக்கான்?"

"காது நல்லாத்தான் இருக்குது. நான் கேட்டதுதான் அதுக்குள்ள போவல. நம்ம வூட்ல ஒண்ணு இருக்குதே, அது பத்தலயா?"

மாரியம்மாளு கல்யாணமாயி இருவத்தி நாலு வருஷம் ஆன பொம்பள. திரும்பிப் பாத்தாங்க. வூட்டுக்காரரு தல கம்ப்யூட்டரு பொட்டிக்குள்ள இருந்துச்சி. வெளியில முதுகு மட்டுந்தான் தெரிஞ்சுது. ரொம்ப நேரம் அந்த முதுகயே பாத்தாங்க.

"சரி வாடி, போவலாம்"னு பொண்ணு கையப் புடிச்சிக்கிட்டு எறங்கிட்டாங்க.

அவங்க போனதும் பூங்கோதை விருத்தகிரிய நவுத்திட்டு, மெயின நிறுத்தி, அந்த ஃபேன கழட்டுனா. வெள்ள மாவும் நாலு எண்ணெயும் கலந்து, உள்ள கொழுக்கட்ட மாவு பதத்துக்குப் பெசஞ்சி வச்சிருந்துச்சி. இன்னும் நாலு நாளு வுட்டிருந்தா அந்தச் சூட்டுல வெந்து ஃபேனே பீங்கானாயிருக்கும். பெயிண்டு பிரஷ்ஷால மொத்தத்தையும் தொடச்சி எடுத்தா. பின்னாடி ஸ்டிக்கர உரிச்சா, நடுவுல குட்டியா ஒரு குழி. எதுத்த டைலர் கடையிலேர்ந்து தையல் மிஷின் எண்ணெ வாங்கி ஊசி மொனையில ஒரே ஒரு சொட்டு வச்சா. ஒட்டி மூடி மாட்டி, சுச்சிய போட்டா, கப்சிப். பல்லி கத்தறது கேட்டுதுங்க.

விருத்தகிரி காத வச்சிக் கேட்டாரு. மொகத்துல ஒரு பெரும.

"பாத்தியா? நான் புதன்கெழம வுட்டது இப்பதான் எறங்கி வேல செய்யுது."

சிரிக்கிறீங்க. சிரிங்க. ஆனா ஒண்ணு கேக்கறன், மறைக்காம சொல்லுங்க. அந்த மனுஷன் தேங்காயெண்ணெய எடுத்தப்ப, "அட அறிவுகெட்டவனே, அது பிசுக்கு புடிக்குமே, தையல் மிஷின் எண்ணெ ஒரு சொட்டு போதுமே"ன்னு உங்க மனசுக்குள்ள ஒரு கொரலு கேட்டுதா இல்லியா? இல்ல, இப்ப தலைக்கு மேல சுத்தற ஃபேன ஒருதரம் நிமுந்து பாத்தீங்களா? பக்கத்துல வூட்டம்மா எதனா சொல்லிக்கிட்டு இருக்காங்களான்னு மொதல்ல கவனிங்க. அவங்க ரெண்டாந்தரமா சொல்றாங்களோ, மூணாந்தரமோ.

போன வாரம் டீக்கடையில விருத்தகிரியப் பாத்தன். ஊரு பேசறது அவரு காதுலயும் வுழணுமில்ல? "அண்ணே, நீங்க எண்ணெ வுட்டு கம்ப்யூட்டரு அணைஞ்சிபோயி, அதனால மாப்ள வேணான்னுட்டான்னு பேசிக்கிறாங்களே"ன்னன்.

டீ கிளாஸ டொக்குன்னு வச்சாரு.

"எவன்யா சொன்னது? கம்ப்யூட்டரும் அணையல, அவனும் வேணான்னு சொல்லல. நான்தான் வேணான்னன். ஃபேனுக்குக் கிரீஸ் வைக்கறவனுக்கு எவன்யா பொண்ணு குடுப்பான்?"