நிமிர்ந்து நிற்போர் சங்கத் தலைவரின் முதுகுப்பிடிப்பு

பினாங்குத் தமிழர் நிமிர்ந்து நிற்போர் சங்கத்தின் முதல் விதி, எந்தத் துரையின் முன்னும் உறுப்பினர் முதுகை வளைக்கலாகாது என்பது. மீறியவர் நீக்கப்படுவார். நிமிர்வுக்கு அடையாளமாகத் துரைமாரைப் போலக் கயிறு கட்டும் பூட்சு அணிவதும் எங்களிடையே நாகரிகமாயிற்று.

எங்கள் வரிசை வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு, எங்கள் தலைவர் பெர்னார்ட், நகராட்சித் துரையை நேரில் காண வேண்டிய நாள் வந்தது. காலையில் பூட்சுக் கயிற்றைக் கட்டக் குனிந்தார். குனிந்தவர் எழவில்லை.

மனைவி ஐரீன் அவரைப் பலகையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தார். "இன்னிக்குப் பேசாம படுங்க. நாளைக்கு மெல்ல நடக்கலாம்."

செயலாளர் வாசு ஓடிவந்தார். "அக்கா, தலைவரே நேர்ல வரணுமாம். இன்னிக்கு விட்டா அடுத்த வருஷம்தான்னு ஆபீசுல சொல்லிட்டாங்க."

"இப்படியே போனா உங்க சங்கம் இவரை நீக்கிடுமே, தம்பி."

நியாயமான ஐயம். பலகையைச் சுற்றி அவசரக் கூட்டம் கூட்டினோம். தலைவரின் முதுகில் காணப்படுவது வளைவு அன்று, பிடிப்பே என ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

"தீர்மானத்தை அவரு முதுகுக்கு வாசிச்சுக் காட்டுங்க" என்றார் ஐரீன்.

ரிக்‌ஷாவில் ஏற்றிக் கொண்டுபோனோம். தரையைப் பார்த்தபடி வந்து நின்ற பெர்னார்டைக் கண்டு துரை மனம் குளிர்ந்தார். இத்தனை பணிவுள்ள தமிழனைத் தாம் கண்டதில்லை என்றார்.

"துரை, இது பணிவு இல்லை, முதுகு..."

"சும்மா இருங்கண்ணே" என்று வாசு காதைக் கடித்தார். "பேனாவை எடுத்துட்டாரு லா."

குழாய் வந்தது. தண்ணீர் வரவில்லை.

அதற்குள் ஐரீனின் ஒத்தடத்தில் பெர்னார்ட் நிமிர்ந்துவிட்டார். முறையிட நேராக நடந்து போனார். துரை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "முன்பு வந்தவர் மரியாதை தெரிந்தவர். அவரை அனுப்பு."

மீண்டும் அவசரக் கூட்டம். இம்முறை வாசு போனார். வழியெல்லாம் குனிந்து பழகிக்கொண்டே போனார். மாலைக்குள் தண்ணீர் கொட்டியது. பிறகு தெருவிளக்குக்கு ஒருவர், சாக்கடைக்கு ஒருவர், தம் மைத்துனன் வேலைக்கு ஒருவர் என்று அனைவருக்கும் பிடிப்பு கண்டது. நிமிர்ந்தே நிற்கும் பெர்னார்டால் சங்கத்துக்குப் பயனில்லை என்று, மிகுந்த வருத்தத்துடன் அவரை நீக்கினோம்.

சென்ற வாரம் வாசு ஐரீனிடம் போனார். துரை இல்லாத இடத்திலும் முதுகு நிமிர மாட்டேன் என்கிறதாம். கூடவே நாங்களும் வரிசையில் நின்றோம், அதே கோலத்தில்.

ஐரீன் அவர் முதுகை அழுத்திப் பார்த்தார். "வலிக்குதா?"

"இல்லக்கா. கொஞ்சங்கூட இல்ல."

"வலிச்சாத்தான் தம்பி இதுக்கு மருந்து" என்று சொல்லி, கையிலிருந்த உப்பைத் திரும்ப டின்னிலேயே கொட்டினார்.