பக்தித் தேய்மானம்

எங்கள் நாணயச் சாலை அரசுக்குச் சொந்தமானது. ஆகவே அது எதையும் யோசிக்காமல் செய்வதில்லை; யோசித்தும் செய்வதில்லை, குழு போட்டுத்தான் செய்யும். சிறுத்தை, பழைய கார், திமிங்கலம் என்று வெள்ளி நாணயங்களை வெளியிட்டு, சேகரிப்பவர்களின் அலமாரிகளை நிரப்பி முடித்த பிறகு, இனி பக்தியை வெளியிடலாம் என்று மேலிடம் தீர்மானித்தது. முதலில் வியாகுல மாதா. நெஞ்சில் ஏழு வாள் பாய்ந்த தாயின் படம் வீட்டுக்கு வீடு தொங்குவதால் சந்தை ஆய்வு தேவையில்லை என்று கோப்பில் எழுதினோம். எழுதியவன் நான். குறிப்பு எழுதுவதுதான் எனக்கு வேலை.

செதுக்குநர் கெட்டிக்காரர். ஏழு வாளையும் தனித்தனியே எண்ணிப் பார்க்கும்படி மாதாவைச் செதுக்கிக் கொண்டுவந்தார். இயக்குநர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா புதுசா இருக்கே?"

"புது நாணயம்தானே சார்."

"இப்ப பழசுதான்யா ஓடுது. யாரோ நூறு வருஷம் கையில வெச்சுக் கும்பிட்ட மாதிரி தேஞ்சிருக்கணும்."

செதுக்குநர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"என் வீட்டுக்காரி கழுத்துல ஒரு மாதா பதக்கம் கெடக்கு சார். கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து கட்டைவிரலால தேச்சுக்கிட்டேதான் செபம் சொல்லுவா. இப்ப மூக்கு எது, கண்ணு எதுன்னே தெரியாது."

மறுநாளே அந்தப் பதக்கம் 'தேய்மான மாதிரி' என்ற பெயரில் எங்கள் பிரிவுக்கு வந்து சேர்ந்தது. கழற்றிக் கொடுக்கும்போது அந்த அம்மாள் சொன்னதையும் செதுக்குநர் எங்களிடம் சொன்னார். வயிற்றில் கட்டி, அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன். "புதன்கிழமை சாயங்காலம் அது என் கையில இருக்கணும். அது இல்லாம நான் அந்த மேஜையில ஏற மாட்டேன்." நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். தலையாட்டுவதில் எங்கள் அலுவலகத்தை யாரும் மிஞ்ச முடியாது.

பக்தித் தேய்மானக் குழு கூடியது. பதக்கத்தை அளந்து பார்த்ததில், முகம் சுத்தமாகப் போயிருந்தது. வாள்கள் மூன்றுதான் மிச்சம். ஆடையின் ஓரம் மட்டும் நேற்று செய்ததுபோல் இருந்தது.

"முகமே இல்லாம எவன் வாங்குவான்?" என்றார் விற்பனை அதிகாரி.

"அவ அங்கதானே சார் தேச்சிருக்கா" என்றார் செதுக்குநர்.

"தப்பான இடத்துல தேச்சிருக்காங்க. அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

ஆகவே தேய்மானம் நெறிப்படுத்தப்பட்டது. முகம் பளிச்சென்று இருக்கும், ஆடையின் ஓரம் மட்டும் தேய்ந்திருக்கும். பழமைக்காக மேலே ஒரு கறுப்பு மருந்துப் பூச்சு. இதயத்தில் ஒரு சிவப்புக் கல்; துக்கம் தூரத்திலிருந்தும் தெரிய வேண்டுமல்லவா.

புதன்கிழமை செதுக்குநர் பதக்கத்தைக் கேட்டு வந்தார். எதையும் திருப்பிக் கொடுப்பதற்கு முன் அது அசல்தானா என்று சரிபார்க்க வேண்டும் என்பது விதி. சரிபார்ப்புப் பிரிவிடம் இருந்த ஒரே அங்கீகரிக்கப்பட்ட மாதிரி எங்கள் புது நாணயம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தேய வேண்டிய ஓரம் தேயவில்லை, தேயக் கூடாத முகம் தேய்ந்திருக்கிறது, கல்லையும் காணோம். எனவே போலி. போலியை அன்றே உருக்கிவிட வேண்டும் என்பது அடுத்த விதி. இரண்டு விதிகளுக்கும் நடுவில் கொஞ்சம் மூளையை நுழைக்க இடம் இருந்தது; மூடர்கள் நாங்கள், ஒருவரும் நுழைக்கவில்லை. உருக்கும் உத்தரவை நான்தான் எழுதினேன். அதில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

வியாழக்கிழமை காலை வெளியீட்டு விழா. வாங்கியவர்கள் அறுபது எழுபது பேர் ஆளுக்கொரு பெட்டியோடு கூடத்தில் நின்றார்கள். மாதா கோயில் பங்குத் தந்தை வந்து நாணயங்களை மந்திரித்தார். தீர்த்தம் பட்டால் கறை விழும் என்று விற்பனை அதிகாரி கேட்டுக்கொண்டதால், தண்ணீர் இல்லாமல் வெறும் தெளிப்பானை ஆட்டினார். அவருக்கும் ஒரு பெட்டி அன்பளிப்பாகக் கொடுத்தோம்.

அப்போதுதான் அந்த அம்மாள் உள்ளே வந்தாள். பின்னால் ஆஸ்பத்திரிப் பையைச் சுமந்துகொண்டு செதுக்குநர்.

"என் பதக்கம் எங்க?"

இயக்குநர் மரியாதை தெரிந்தவர், எழுந்து நின்றார். "அது போலின்னு தெரிஞ்சு உருக்கியாச்சும்மா. கவலைப்படாதீங்க, உங்களுக்கு அசலே வெச்சிருக்கோம்."

முதல் எண் போட்ட நாணயத்தை நீட்டினார். அவள் பிளாஸ்டிக் கூட்டை நகத்தால் நெம்பித் திறந்து, கட்டைவிரலை நேராக மாதாவின் முகத்தில் வைத்துத் தேய்த்தாள். கூடமே பதறிப்போனது.

"கைரேகை படுதும்மா" என்றார் முன்னால் நின்றவர்.

"இனிமே அதை யாரும் வாங்க மாட்டாங்க" என்றார் இன்னொருவர்.

"தொடாமலே கும்பிடலாமேம்மா" என்றார் பங்குத் தந்தை. "அதுக்குத்தானே கூடு போட்டிருக்காங்க."

அவள் விரலைப் பார்த்தாள். கறுப்பு ஒட்டியிருந்தது. "தொடக் கூடாதுன்னா, தொட்ட மாதிரி எதுக்குங்க செஞ்சீங்க?"

இந்தக் கேள்வி எந்தக் கோப்பிலும் இல்லை. அவள் நாணயத்தை மேஜைமேல் வைத்தாள். அதுவரை கோபமாக இருந்த முகத்தில் இப்போது பயம்தான் இருந்தது.

"பத்து மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போயிருவாங்க. வெறுங்கையோடதான் போகணும்போல. எல்லாரும் எனக்காக ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லுங்க. சிலுவை போட்டு ஆரம்பிங்க, நானும் கூடச் சொல்றேன்."

அங்கிருந்தவர்கள் அத்தனை பேரும் மாதா பக்தர்கள். ஆனால் பெட்டியோடு கொடுத்த தாளில், 'எப்போதும் இரண்டு கைகளாலும் பிடிக்கவும்' என்று அச்சடித்திருந்தது. நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட ஒரு கை வேண்டும். பங்குத் தந்தை தன் பெட்டியைக் குனிந்து பார்த்தார். மற்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். பிறகு செதுக்குநர் அவள் தோளைத் தொட்டார், இரண்டு பேரும் திரும்பி நடந்தார்கள். வாசலைத் தாண்டும்போது இரண்டே குரலில் செபம் கேட்டது.

என் கையிலும் ஒரு பெட்டி இருந்தது. ஊழியர் ஒதுக்கீட்டில் கிடைத்தது. கீழே வைத்திருக்கலாம்தான். விழாவுக்காக அப்போதுதான் தரையைத் துடைத்திருந்தார்கள், ஈரம் காயவில்லை.