பிஸ்கட் டப்பா வைத்தியர்

எதிரில் வருகிறவரிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பவர்கள் சாதாரண மனிதர்கள். "என்ன மாத்திரை சாப்பிடுறீக?" என்று கேட்பவர்கள் தனி இனம். மருத்துவம் படித்தவர்கள் அல்லர். மாத்திரை அட்டையின் பின்பக்கம் படித்தவர்கள். டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தால் மூன்றாம் நாளே குணமாகிவிட்டதென்று தாங்களே தீர்ப்புச் சொல்லி, மிச்சத்தைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு, டப்பாவை ஃப்ரிட்ஜின் தலையில் ஏற்றிவிட்டு, தெருவில் எவராவது தும்ம மாட்டாரா என்று காத்திருப்பவர்கள். உங்கள் தெருவில் இல்லையா? நன்றாக யோசியுங்கள்.

ஒத்தக்கடையில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் பாண்டியராஜன், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். தங்கமான மனுஷர். அதுதான் தொல்லையே! கெட்டவர் கொடுத்தால் நாம் வாங்க மாட்டோமே.

போன மாதம் எதிர்வீட்டு அழகுபாண்டிக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார் அவர் மனைவி மீனா. வாத்தியார் விடுவாரா?

"இது ஃப்ளூ, மாப்ள. இதுக்குப் போயி டோக்கன் போட்டு உக்காரணுமாக்கும்? நம்ம ராதாகிருஷ்ணன் கை நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை போடுறாருல்ல, அது இதுக்கும் கேக்கும். நெட்டுல போட்டிருக்கான். இரு, வாரேன்."

ராதாகிருஷ்ணன் என் பக்கத்து வீட்டுக்காரர். பார்க்கின்சன் நோய், கை நடுங்கும், எடுத்து வைக்கப் போகிற கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மாத்திரைகள் வேளை தவறாமல் உள்ளே போனதால் தினமும் தெருமுனை வரை நடந்து பழகிக்கொண்டிருந்தார். ஏன் அவ்வளவு மெனக்கெட்டார் என்றால், மறுவாரம் மகள் வித்யாஸ்ரீக்குக் கல்யாணம். மணமேடைக்குத் தன் காலால் ஏற வேண்டும், அது ஒன்றுதான் அவர் ஆசை.

"அந்த அட்டையைக் குடும்மா, நாளைக்கே வாங்கியாந்துடுறேன்" என்று வாசலில் நின்றார் வாத்தியார். காபித்தூள் கேட்டாலே இல்லையென்று சொல்லாத தெரு இது. ராதாகிருஷ்ணனின் மனைவி வசுந்தரா, வீட்டில் இருந்த ஒரே அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் மருந்துக்கடையில் சரக்கு இல்லை. வர நான்கு நாளாகும் என்றார்கள். வாத்தியார் அசரவில்லை. "நாலு நாளுதானம்மா? உடம்புக்கும் லீவு வேணும்ல?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலையில் ராதாகிருஷ்ணன் உடம்பெல்லாம் விறைத்துப் போய்க் கட்டிலிலிருந்து எழ முடியாமல் கிடந்தார். வசுந்தரா அழுத அழுகையைக் கேட்டு நான் ஓடுகிறேன், எதிர்வீட்டிலிருந்து அழகுபாண்டியின் குரல்: "ஏ மீனா, சோபாவுல கன்னுக்குட்டி படுத்திருக்கு பாரு. மொதல்ல அதுக்குத் தண்ணி காட்டு!"

அந்த வீட்டில் கன்றுக்குட்டி கிடையாது. சோபாவும் கிடையாது.

இருவரையும் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவர் வாத்தியார்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். டாக்டரம்மா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். "இந்த மாத்திரையைத் திடீர்னு நிறுத்தவே கூடாது, யாரு நிறுத்தச் சொன்னது? அந்தா, காய்ச்சல்னு வந்திருக்காரே, அவருக்குக் கிட்னி கோளாறு. மருந்து வெளியேறாம உடம்புலயே தங்கிடும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். அதுவும் போக, இப்ப வர்ற ஃப்ளூவுக்கு இது கேக்குறதே இல்ல. யாரு குடுத்தது?"

"நெட்டுல ரெண்டுக்கும்னு..."

"யாருக்கு எம்புட்டுன்னு போட்டிருந்துச்சா, சார்?"

கணக்கு வாத்தியார் செல்போனை எடுத்து மறுபடி நெட்டில் தேட ஆரம்பித்தார்.

அழகுபாண்டி தேறிவிட்டார், கன்றுக்குட்டியும் போய்விட்டது. ராதாகிருஷ்ணனுக்கு மாத்திரை மறுபடி தொடங்கியும் கால் அத்தனை சீக்கிரம் திரும்பவில்லை. கல்யாணத்தன்று நாற்காலியோடு அவரை மேடைக்குத் தூக்கினார்கள். ஒரு பக்கம் அழகுபாண்டி, மறுபக்கம் பாண்டியராஜன். ராதாகிருஷ்ணன் யாரையும் குறை சொல்லவில்லை. தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

திருந்திவிட்டார் என்றுதான் நினைத்தேன். பந்தியில் பக்கத்து இலைக்காரர் "தலை வலிக்குதுண்ணே" என்றார். வாத்தியாரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று. இவ்வளவு சொன்னவன் அந்த மாத்திரையின் பெயரை மட்டும் சொல்லவில்லையே என்று இந்நேரம் உங்களுக்கு உறுத்துகிறதல்லவா? தெரிந்து வைத்துக்கொண்டால் யாருக்காவது உதவுமே என்றுகூடத் தோன்றுகிறதல்லவா?

அதனால்தான் சொல்லவில்லை.