சிலாக்கான் ஒய்.பி.யும் பதினோராம் மாடி லிப்டும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அடுத்தவரைக் கிண்டல் செய்யக் கிளம்பும்போது டோல் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிடுவது நல்லது.

ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் ஒய்.பி.க்கு, உரை எழுதிக் கொடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. என் கார்டில் 'சிறப்பு அதிகாரி' என்று போட்டிருந்தார்கள். சிறப்பு என்னவென்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. என் முதல் உரை மக்களவையில் முழங்கப்போகும் நாளில் நான் சபையில் இருந்திருக்க வேண்டும். வயிற்றுவலி என்று லீவு போட்டுவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு என் மனைவி வீட்டார் அத்தனை பேரையும் கூட்டிப் போய்விட்டேன். வயிற்றுவலிக்காரன் மூன்றாவது தடவை சோறு வாங்குவதைக் கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். அவரைக் கெஞ்சி, டிவியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தி, நாடாளுமன்ற நேரலையைப் போட வைத்தேன்.

எங்கள் ஒய்.பி. எழுந்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "துவான் யாங் டிபெர்துவா" என்று சபாநாயகரை விளித்தார்.

"அது நான் எழுதினது மாமா" என்றேன் மாமனாரிடம்.

அதற்கப்புறம் நான் எழுதிய ஒரு சொல்கூட வரவில்லை. யாரோ ஒருவர் எழுந்து மீன்பிடிப் படகைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் எழுந்து ரப்பர் விலையைப் பற்றிப் பேசினார். மூன்றாமவர் எழுந்து இரண்டாமவரைத் திட்டினார். நடுநடுவே கேமரா எங்கள் ஒய்.பி.யைக் காட்டும்போதெல்லாம் அவர் கையை நீட்டி, குனிந்து, விருந்துக்கு அழைப்பவர் போலச் சிரித்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் முடிந்தது. "தெரிமா காசே" என்று நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

மாமனார் இலையை மடித்தார். "மாப்பிள்ளை எழுதுன வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

தன் உரையில் தான் பேசாத ஒரே உறுப்பினர் இந்த நாட்டு வரலாற்றில் எங்கள் ஒய்.பி.தான் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

விஷயம் இதுதான். மக்களவையில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் எழுந்து 'லாலுவான்' கேட்கலாம். வழிவிடுங்கள், குறுக்கே ஒரு வார்த்தை என்று அர்த்தம். கொடுப்பதும் கொடுக்காததும் பேசுபவர் இஷ்டம். கொடுத்தால் அவருடைய நேரம்தான் கரையும். அதனால் விவரமானவர்கள் 'உட்காருங்கள், அப்புறம்' என்று ஒரே வெட்டாக வெட்டிவிடுவார்கள். எங்கள் ஒய்.பி. மட்டும் 'சிலாக்கான்' என்பார். தாராளமாக, நீங்கள் முதலில் என்று அர்த்தம். ஒருவருக்குச் சொல்லிவிட்டு அடுத்தவருக்குச் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லையே என்று அவருக்கும் சொல்வார். இப்படித்தான் அவர் பெயரே சிலாக்கான் ஆயிற்று. உண்மைப் பெயர் அவர் மனைவிக்கும் தேர்தல் அலுவலகத்துக்கும்தான் ஞாபகம் இருந்திருக்கும்.

அவர் பேசும் நேரத்தில் சபை நிரம்பி வழியும். வேலையில் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்து என் எழுத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நெஞ்சு விம்மினேன். பிறகுதான் புரிந்தது, தங்களுக்கு நேரம் ஒதுக்கப்படாத உறுப்பினர்களெல்லாம் இரண்டு பக்கமிருந்தும் பேருந்துக்குக் காத்திருப்பதுபோல் வந்து காத்திருக்கிறார்கள் என்று.

அரசியலுக்கு வருமுன் அவர் போர்ட் கிள்ளானில் ஃபார்வர்டிங் ஏஜென்டாக இருந்தவர். அடுத்தவர் பெட்டிகளை முன்னால் அனுப்பியே பழகிய கை. கட்சியில் இரண்டு கோஷ்டி சீட்டுக்கு அடித்துக்கொண்டபோது, இவரால் யாருக்கும் ஆபத்தில்லை என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட ஒரே ஆள் இவர். பிரச்சாரத்தின்போது எதிர்க்கட்சி ஊர்வலம் எதிரே வர, எங்கள் ஊர்வலத்தை ஓரம் கட்டி நிறுத்தி, அவர்களுக்குக் கையசைத்து வழியனுப்பினார். அந்த ஊர்வலத்தில் போனவர்களில் பாதிப் பேர் இவருக்கு ஓட்டுப் போட்டதாகப் பேச்சு.

சபைக்கு வெளியேயும் இதே கதைதான். அவர் ஓட்டும் காரில் ஏறினால் போய்ச் சேருவது நிச்சயமில்லை. ஒருநாள் கிள்ளானில் ஒரு சாலை முனையில் நின்றோம். ஒவ்வொரு காராகக் கை காட்டி அனுப்பிக்கொண்டே இருந்தார். பின்னால் நின்ற கன்டெய்னர் லோரிக்காரர் இறங்கி வந்து ஜன்னலைத் தட்டினார். "என்னா பாஸ், பேட்டரி கொங்கா?" என்று கேட்டார். பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று பாவம் அவருக்குக் கவலை. ஒய்.பி. அவரிடம் மன்னிப்புக் கேட்டு, "நீங்க முன்னாடி போங்க பாஸ்" என்றார். கல்யாணப் பந்தியில் இவருக்கு முன்னால் நிற்பவர்கள் குறையவே மாட்டார்கள், கூடிக்கொண்டே போவார்கள். எங்கள் முறை வரும்போது ரசமும் அப்பளமும் இருக்கும். நான் இந்த உடம்பை வைத்துக்கொண்டு அவருடன் கல்யாணங்களுக்குப் போய்ப் பட்ட துயரம் தனிக்கதை.

சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ரோஸ்லின் ஆன்டி எங்கள் தொகுதிச் சேவை மையத்துக்கு வரும்வரை.

ரயில்வே குடும்பத்துப் பெண்மணி. வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். துறைமுகம் போகும் சாலையோரம் ஓர் அடுக்குமாடியில் பதினோராவது மாடி அவர் வீடு. லிப்ட் நின்று ஒரு வருடத்துக்கு மேலாகிறது. கணவர் அந்தோணி அங்கிள், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போக வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன்கள், மலாய்க்காரர், இந்தோனேசியர் என்று யார் இருக்கிறார்களோ அவர்கள் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்குகிறார்கள், தூக்கி ஏற்றுகிறார்கள். லிப்டுக்கு மேலிடத்தில் பணம் ஒதுக்க வேண்டும். யார் ஒதுக்குவது என்று அலுவலகங்கள் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டிருந்தன. அங்கேயும் எல்லாரும் சிலாக்கான்தான்.

"தூக்குறவங்க ஒண்ணும் சொல்லல தம்பி. இவருக்குத்தான் வெக்கம். போன வாரம் ஒரு நாள் போகல. இன்னும் ரெண்டு நாள் போகலன்னா என்னா ஆகும்னு ஒனக்கே தெரியும்லா" என்றார்.

ஒய்.பி. என்னையும் கூட்டிக்கொண்டு நேரே அங்கே போனார். அங்கிளை இறக்கும் நேரம். நாற்காலியின் ஒரு காலை அவர் பிடித்தார். சிறப்பு அதிகாரி சும்மா நின்றால் நன்றாயிருக்காதே என்று இன்னொரு காலை நான் பிடித்தேன். இரண்டு மாடி இறங்கியதும் என் மூச்சுச் சத்தம் கேட்டு அங்கிள் நாற்காலியை இறக்கி வைக்கச் சொல்லி, மெல்ல எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நீ கொஞ்சம் உக்காருப்பா. நான் நிக்கிறேன்" என்றார்.

உட்கார்ந்தேன். இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

வரவு செலவுத் திட்ட விவாதம் வந்தது. எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். இந்தத் தடவை லிப்டைத் தவிர வேறெதுவும் இல்லாமல் ஒரே பக்கம் எழுதினேன். எழுதுவதா கஷ்டம், அவரைப் பேச வைப்பதல்லவா கஷ்டம். சேவை மையத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி கொடுத்தேன். நான் எதிர்க்கட்சி. எழுந்து 'லாலுவான்' என்பேன். அவர் 'டூடுக்', அதாவது உட்காருங்கள் என்று அதட்ட வேண்டும். முதல் தடவை அதட்டினார். நான் உட்கார்ந்தேன். உடனே ஓடிவந்து ஃபேனை என் பக்கம் திருப்பி, "கோச்சிக்கிட்டீங்களா தம்பி? தேத்தண்ணி குடிச்சீங்களா?" என்றார்.

விவாத நாள். இந்தத் தடவை வயிற்றுவலி இல்லை, நிஜமாகவே வந்து பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தேன். ஒய்.பி. எழுந்தார். "என் தொகுதியில் ஓர் அடுக்குமாடி இருக்கிறது. அதில் ஒரு லிப்ட்..." என்று மலாயில் ஆரம்பித்தார். எதிர்வரிசையில் ஒரு வெண்கலக் குரல்காரர் உண்டு. அவருக்கு மைக்கே தேவையில்லை. அவர் எழுந்து லாலுவான் கேட்டார். ஒய்.பி. மேலே என்னைப் பார்த்தார். நான் கும்பிட்டேன். அவர் வாய் 'டூ' என்று குவிந்தது. குவிந்தபடியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு விரிந்து, "சிலாக்கான்" என்றது.

வெண்கலக் குரல் டுரியான் ஏற்றுமதியைப் பற்றி முழங்கியது. அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். நேரம் முடிந்தது. பதினோராம் மாடிக்குப் போக வேண்டிய லிப்ட், சபைப் பதிவிலும் பாதியில் நின்றுவிட்டது.

நான் வெளியே வருவதற்குள் போன் அடித்தது. ஆன்டி. நேரலை பார்த்திருக்கிறார்.

"தம்பி, ஒய்.பி. லிப்டுன்னாரு. அப்புறம் டுரியான் வந்துச்சு. லிப்டு எங்கப்பா போச்சு?"

அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏதோ உளறினேன். "அவரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. இன்னைக்குப் போற நாளு. வேணாம், படுத்துக்கிறேன்னுட்டாரு" என்று சொல்லி ஆன்டி போனை வைத்துவிட்டார்.

ஒய்.பி. நாடாளுமன்றக் கேன்டீன் வரிசையில், வழக்கம்போலக் கடைசியில் நின்றுகொண்டிருந்தார். ஆன்டி சொன்னதை அப்படியே சொன்னேன். கையிலிருந்த தட்டைத் திரும்ப அடுக்கில் வைத்தார். நேரே சபைக்குள் போனார்.

உள்ளே அப்போது வெண்கலக் குரல்காரரின் முறை. ரோந்துக் கப்பல்கள் பழுதாகிக் கிடப்பதைப் பற்றிக் கப்பலுக்கே கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார். எங்கள் ஒய்.பி. எழுந்தார்.

"மிந்தா லாலுவான்" என்று வழி கேட்டார்.

சபையில் எல்லாத் தலையும் திரும்பியது. அந்த மனிதர் யாரிடமும் வழி கேட்டு எவரும் பார்த்ததில்லை. வெண்கலக் குரல்காரர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். எத்தனை தடவை வாங்கியிருப்பார், எப்படி மறுப்பார்? "சிலாக்கான் ஒய்.பி., சிலாக்கான்" என்று உட்கார்ந்தார். எங்கள் ஒய்.பி., கப்பல் பழுதானால் கடலில் மிதக்கவாவது செய்யும், லிப்ட் பழுதானால் மனிதர்தான் மனிதரைத் தூக்க வேண்டும் என்றார். நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

அடுத்தவர் நெல் மானியம். ஒய்.பி. எழுந்தார். அவரும் வழிவிட்டார். லிப்ட். அதற்கடுத்தவர் சுற்றுலா. லிப்ட். பள்ளிக் கழிப்பறை. லிப்ட். இரண்டு பக்கத்திலும் அவருக்குக் கடன்படாத உறுப்பினர் இல்லை. ஒருவர் பேச எழுந்தவுடனேயே இவர் பக்கம் திரும்பி, இப்போதா, கொஞ்சம் கழித்தா என்று கேட்டார். இன்னொருவர் தன் தொகுதியிலும் ஒரு லிப்ட் நின்றிருப்பதாகச் சேர்த்துக்கொண்டார். தலைமையில் இருந்த துணைச் சபாநாயகர் பொறுத்துப் பார்த்துவிட்டு, நெல்லுக்கும் லிப்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்.

"துவான், பதினோராம் மாடியில் இருப்பவர்களும் சோறுதான் சாப்பிடுகிறார்கள். அரிசி மூட்டை படியேறித்தான் போகிறது" என்றார் ஒய்.பி.

நான் எழுதிக் கொடுத்ததில்லை. எழுதிக் கொடுத்ததாக மாமனாரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

அமைச்சர் பதிலுரை சொல்லும்போது, அவருடைய அதிகாரிகள் எழுதி வைத்திருந்த குறிப்புகளில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் லிப்ட் இருந்திருக்க வேண்டும். பழுதுபார்க்க உத்தரவிடுவதாக அவர் சொன்னபோது ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து மேசையைத் தட்டின. அன்று சாயங்காலமே ஒய்.பி. பதினோரு மாடியும் ஏறிப் போய், அங்கிளை மறுநாள் டயாலிசிஸுக்குச் சம்மதிக்க வைத்தார். வாயிற்கதவில் அவர் ஆன்டிக்கு வழிவிட, ஆன்டி அவருக்கு வழிவிட, உள்ளே நுழையவே நேரமாயிற்று.

இப்போது அவர் ஒய்.பி. இல்லை. அடுத்த தேர்தலில் சீட்டையும் யாருக்கோ சிலாக்கான் என்று கொடுத்துவிட்டார். அவருக்குப் பிறகு நான் எழுதிக் கொடுத்தவர்கள் என் உரையை ஓர் எழுத்து விடாமல் வாசிக்கிறார்கள். கேட்கத்தான் சகிக்கவில்லை.

லிப்ட் ஓடத் தொடங்கிய நாளைச் சொல்லாமல் விட்டால் ரோஸ்லின் ஆன்டி என்னைச் சும்மா விடமாட்டார். ரிப்பன், மாலை எதுவும் வேண்டாம் என்று ஒய்.பி. சொல்லிவிட்டார். கீழே லிப்ட் கதவோரம் நின்று, சிலாக்கான், சிலாக்கான் என்று ஒவ்வொருவராக ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார். லிப்ட் போகும், வரும், இவர் அங்கேயே நிற்பார். டயாலிசிஸ் முடிந்து அந்தோணி அங்கிள் சக்கர நாற்காலியில் வந்தார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஆன்டி ஏறினார். பையன்கள் ஏறினார்கள். பட்டனை அமுக்க ஓர் அதிகாரி வேண்டுமே என்று நானும் ஏறிக்கொண்டேன்.

"ஏறுங்க ஒய்.பி." என்றார் ஆன்டி.

"பரவால்ல ஆன்டி, நீங்க போங்க. நான் அடுத்ததுல வரேன்."

ஆன்டி கதவில் காலை வைத்துக்கொண்டார். அங்கிளும் கையை நீட்டிக் கூப்பிட்டார். வேறு வழியில்லாமல் ஒய்.பி. ஒரு காலை உள்ளே வைத்தார். எடை கூடிவிட்டதென்று லிப்ட் கத்தியது. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

உள்ளே இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆன்டி, நான் ஒய்.பி.யோட ஸ்பெஷல் ஆபீசரு, நான்தான் பட்டன் அமுக்க..." என்று ஆரம்பித்தேன்.

"நீ எறங்கு" என்றார் ரோஸ்லின் ஆன்டி.