நினைவு மீட்பருக்குக் கேட்ட உளிச் சத்தம்

மண்டபத்துல எள்ளு போட்டா கீழே விழாது, அத்தனை கூட்டம். யாரைப் பார்க்கவாம்? நினைவு மீட்பரை. மண்டையில கை வெச்சா மறந்ததெல்லாம் வரிசையா வந்து நிக்குமாம். நிக்கும், நிக்கும்.

முன்வரிசையில சலூன்காரர், பக்கத்துல மனைவி. குழந்தை பிறந்த மூணாவது வாரம் அவளுக்குத் தாங்காத தலைவலி, அப்புறம் வலிப்பு. மூளையில இருந்து ரத்தம் வெளியே போற குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சிருந்துச்சு. பிழைச்சுட்டா. ஆனா கணக்கு டீச்சரான அவளுக்கு ஏழாம் வாய்ப்பாடு பாதியில நிக்குது. ஒண்ணு நினைச்சா வாய்ல வேற வருது.

மெல்லத் தேறும், மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்கன்னு டாக்டர் சொல்லியிருந்தார். மெல்லங்கிறதுதான் நம்ம சலூன்காரருக்குப் பிடிக்கல. மாத்திரைதான் ஞாபகத்தை அமுக்குது, நிறுத்திட்டு வான்னு மீட்பர் ஆள் விட்டுச் சொன்னதும் நிறுத்திட்டார். நாலு நாளாச்சு. மறுபடி ரத்தம் உறைஞ்சா உயிரே போயிடும்னு கொழுந்தியா காலையில இருந்து சண்டை போட்டுக்கிட்டே கூட வந்திருக்கா.

தண்ணி கொடுக்குற அம்மா ஒவ்வொருத்தரையும் பாசமா விசாரிச்சா. உன் வீட்டுக்காரர் என்ன வேலைன்னு கேட்டா. மனைவி வார்த்தையைத் தேடினா. கிடைச்சது "தச்சர்". சலூன்காரர் திருத்துறதுக்குள்ள அந்தம்மா மீட்பர் இருந்த திரைக்குப் பின்னாடி போயாச்சு.

மீட்பர் வந்தார். கை வெச்சார். கண்ணை மூடினார்.

"உளிச் சத்தம் கேக்குது. உன் புருஷன் மரம் இழைக்கிறான். இந்த ஞாபகத்தை உனக்குத் திருப்பித் தர்றேன்."

கூட்டம் கை தட்டிச்சு.

சலூன்காரர் தன் சட்டையில ஒட்டியிருந்த ஊரார் முடியைப் பார்த்தார். "நான் முடி வெட்டுறவனுங்க"ன்னார். போன ஜென்மத்துல தச்சரா இருந்திருப்பீங்கன்னு பின்னாடி ஒருத்தர் சமாதானம் சொன்னார். பக்தின்னா அது!

கொழுந்தியா எழுந்து வாசலைக் காட்டினா. "ஐயா, அந்த மூணு பேரும் இப்பத்தான் வர்றாங்க. இன்னும் தண்ணி குடிக்கல. அதுல ஒருத்தர் தொழிலை மட்டும் சொல்லுங்க."

மீட்பருக்குத் திடீர்னு சக்தி களைச்சுப்போச்சு. தண்ணிக்கார அம்மா செருப்பைத் தேடினா.

சலூன்காரர் தன் மனைவியோட கையைப் பிடிச்சார். "வா, டாக்டர்கிட்ட போவோம். திட்டுவார், வாங்கிக்கிறேன்."

அவ நகரல. கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாத் தேடி எடுத்துக் கேட்டா.

"மூளையில அடைப்பு எனக்கு. நீங்கல்லாம் ஏன் யோசிக்கல?"