முட்டுச்சந்துப் பிரியர்

ஊர் விரிய விரியப் பெருகிவரும் ஓர் இனம் இருக்கிறது. முட்டுச்சந்துப் பிரியர் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம். நடு ஊரில் இவரைத் தேடாதீர்கள். பேருந்து கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்ட பிறகும் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப்போய், ஒரே அச்சில் வார்த்த வீடுகளுக்கு நடுவே பாருங்கள். கையைக் கட்டிக்கொண்டு வாசல் கேட் அருகே நின்று, தெருவுக்குள் நுழையும் ஒவ்வொரு வண்டியையும் முறைத்துக்கொண்டிருப்பார். ஊரிலுள்ள தெருவெல்லாம் தனக்குத் திறந்திருக்க வேண்டும். தன் தெரு ஒருவருக்கும் திறந்திருக்கக் கூடாது. இவ்வளவுதான் கொள்கை.

நம்மிடம் அகப்பட்டவருக்கு நகரமைப்பு அலுவலகத்தில் வேலை. சுற்றுவட்டாரத்துப் பதினோரு நகரங்களின் வரைபடங்களை விரித்துவைத்து, இன்னொரு தெருவோடு சேரும் தெருவுக்குப் பச்சைப் புள்ளி, சுவரில் முட்டி நிற்கும் தெருவுக்குச் சிவப்புப் புள்ளி வைத்து எண்ணுவார். பழைய ஊர்கள் பச்சை. வெளியே போகப் போக அம்மை போட்ட மாதிரி சிவப்பு. பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரியும். "தெருன்னா தெருவோட சேரணும் சார்! இல்லன்னா அது தெருவே இல்ல" என்று கூட்டத்துக்குக் கூட்டம் மேசையைத் தட்டுவார். நடிப்பில்லை, பாவம், நம்பித்தான் பேசுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆகிவிடுவார்.

அவர் தெருக்கோடியில் அடுத்த குடியிருப்புக்கு ஒரு வழி இருந்தது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள். பெண்கள் பேருந்துக்கு நடப்பார்கள். "கண்டவங்க நடக்குறதுக்கா நாம இவ்வளவு தூரம் வந்து வீடு கட்டினோம்?" என்று வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். எட்டடிச் சுவர் எழும்பியது. உச்சியில் கண்ணாடிச் சில்லு பதித்தது அவருடைய சொந்த யோசனை.

பிறகு மகளுக்கு இறுதித் தேர்வு வந்தது. தேர்வு மையம் அந்தப் பக்கத்துப் பள்ளி. அலுவலக வரைபடத்தில் அளவுகோல் வைத்தார்: இருநூற்று முப்பது மீட்டர். "மூணு நிமிஷ நடை. எட்டே முக்காலுக்குக் கிளம்பினா போதும். வழியைப் பத்தி யாரும் எனக்குச் சொல்ல வேணாம்." யார் சொல்வார்கள்? வீட்டில் வாய் திறந்த வழக்கமில்லை.

வரைபடத்தை விரித்துவிட்டால் தான் கட்டிய சுவர்கூட அவருக்கு நினைவுக்கு வராது. வரைபடத்தில் சுவர் இல்லை. எப்படி இருக்கும்? அனுமதி வாங்காமல் கட்டியதாயிற்றே. அந்த இடத்தில் அவரே தன் கையால் வைத்த பச்சைப் புள்ளி பளிச்சென்று இருந்தது.

சுவர் முன்னால் போய் நின்றபோது மணி எட்டு நாற்பத்தெட்டு. ஒன்பதுக்குப் பள்ளிக் கதவை மூடிவிடுவார்கள். சுற்றிப் போனால் நாலரைக் கிலோமீட்டர், அதுவும் நெடுஞ்சாலை நெரிசலில். மகள் அழ ஆரம்பித்தாள். "ஒரு வருஷமே போயிடும்ப்பா!"

அவர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிதான் ஏணியும் கனத்த போர்வையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். சில்லுகள்மேல் போர்வையை நாலாக மடித்துப் போட்டார்கள். அழுகைச் சத்தம் கேட்டு அந்தப் பக்கம் ஆள் கூடியது. "பயப்படாதம்மா, காலைக் கீழ விடு, நாங்க பிடிச்சுக்கறோம்" என்றது ஒரு பெண்குரல். யாரோ ஒருவர் அவளைச் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து மிதித்தார். ஒன்பதுக்கு ஒரு நிமிடம் இருக்க மகள் உள்ளே போய்விட்டாள். ஏணியில் நின்றபடியே செயலாளர் ஓவென்று அழுதார்.

இனிச் சுவர் போய்விடும் என்றுதானே நினைக்கிறீர்கள்? மறுவாரமே சங்கத்தைக் கூட்டினார். சுவரில் சின்னதாக ஓர் இரும்புக் கதவு வைக்கத் தீர்மானம் நிறைவேறியது. கதவுக்குச் சாவி ஒன்றே ஒன்று, செயலாளர் கையில்.

"என்னை இறக்கிவிட்டாங்களே, அவங்களுக்கும் ஒரு சாவி குடுப்பா" என்றாள் மகள்.

"குடுக்கலாம் கண்ணு. அப்புறம் கண்டவங்களும் கேப்பாங்களே!"

சிரித்தாயிற்றா? நல்லது. நேற்று உங்கள் வீட்டு வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் வண்டியைத் திருப்பினாரே, அப்போது ஜன்னல் திரையை விலக்கி எட்டிப் பார்த்தது யார்?