வழியனுப்ப ஒரு பஸ்

"டேடி, நான் யூனிவர்சிட்டிக்குப் போகல. செண்டாயான்ல எலக்ட்ரிகல் அப்ரண்டிஸா சேர்ந்துட்டேன்."

செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் எட்மண்ட் கிராணிக்கு வாயில் வைத்த தோசை வாயிலேயே நின்றது. செம்பனை விலை அடிமட்டத்துக்குப் போன நாளில்கூட அவர் தோசையை விழுங்கிவிட்டுத்தான் அதிர்ந்தார்.

"என்னடா உளர்ற? பிசினஸ் படிக்க இடமே கிடைச்சிருச்சே!"

"எனக்கு அது புடிக்கல டேடி. வயரிங்தான் புடிக்குது. வேலை பழகிக்கிட்டே சம்பளம்லா. சனிக்கிழமை சேரணும்."

"சனிக்கிழமைதானேடா அங்கேயும் சேரணும்!"

"அதனாலதான் இப்பவே சொல்றேன்" என்றான் கெல்வின்.

"கையில ஒரு தொழில் இருந்தா நல்லதுதானே?" என்றாள் ஃபிளோரா. கட்டிய மனைவியே கட்சி மாறியது அவருக்கு அடுத்த அதிர்ச்சி.

மகன் எதைப் படிக்கிறான் என்பதுகூட இரண்டாம் பட்சம். தோட்டம் முழுக்கத் தண்டோரா போட்டாயிற்றே! ஆலயத்தில் நன்றிப் பூசை வைத்து, கேசரி கொடுத்து, "நம்ம தோட்டத்துக்கே என் மகன்தான் பெருமை" என்று பிரசங்கம் வேறு செய்திருந்தார் மனிதர். இப்போது எந்த முகத்தோடு வெளியே போவது? யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டார்.

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி வந்து நின்றாள்.

"கிராணி அண்ணே, கெல்வினைக் கொண்டுபோய் விட நாங்களும் வர்றோம்."

அந்தத் தோட்டத்து வழக்கம் அப்படி. ஒரு பிள்ளை படிக்கப் போனால் லயத்து வீடுகளில் பாதிப் பேர் கூடவே போய், ஹாஸ்டல் கட்டிலை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள்.

"ரொம்ப தூரம்மா! பினாங்கு! போய்ச் சேரவே அரை நாள் ஆகும்."

"பினாங்கா! அவ்வளவு தூரத்துக்குப் புள்ளையத் தனியா விடுவாங்களா? கட்டாயம் வர்றோம்."

மறுநாள் எட்மண்ட் வேறு வழியில் மடக்கப் பார்த்தார்.

"என் கார்ல இடமில்லையேம்மா."

அவள் நிர்மலைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சுங்கை காடுட் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸை ஓட்டுகிறவன் அவன்.

"சனிக்கிழமை பஸ் சும்மாதான் நிக்குது அங்கிள். எல்லாரையும் ஏத்திக்கலாம்."

"விடியுறதுக்கு முன்னாடியே கிளம்பணுமே?"

"அதுக்கென்ன? பசியாறுறதுக்கு நாசி லெமாக் கட்டி எடுத்துக்கலாம்" என்றாள் தனலெட்சுமி.

"பினாங்குல ஒரே மழையாம்" என்று கடைசி அம்பையும் விட்டுப் பார்த்தார். லயமே குடை வாங்கியது.

"உண்மையைச் சொல்லிடுங்க டேடி" என்றான் கெல்வின்.

"மானம் போயிரும்டா."

"நான் என்ன திருடவா போறேன்?"

எட்மண்டுக்குச் சுருக்கென்றது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கெல்வின் துணிப்பையை மாட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் செண்டாயானுக்குப் போய்விட்டான். போகும்போது அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிரவு அவருக்குத் தூக்கமே வரவில்லை.

சனிக்கிழமை விடியற்காலை வாசலில் பஸ் உறுமியது. இருக்கையெல்லாம் ஆட்கள். புதுச்சட்டையும் குடையுமாகப் பிள்ளைகள். பஸ் முழுக்க நாசி லெமாக் வாசனை. தனலெட்சுமி ஜன்னலோரம் இடம் பிடித்து, தலையில் கனகாம்பரத்தோடு உட்கார்ந்திருந்தாள். எட்மண்ட் படியேறி முன்னால் நின்றார்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும். கெல்வின் வரமாட்டான். அவன் யூனிவர்சிட்டிக்கே போகல. செண்டாயான்ல எலக்ட்ரிகல் வேலை பழகப் போயிட்டான். அவன்மேல ஒரு தப்பும் இல்ல. வெட்கப்பட்டு மறைச்சவன் நான்தான்."

எட்மண்டுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது போலவும் இருந்தது.

"பஸ் எங்கேயும் போகல. தயவுசெஞ்சு எல்லாரும் இறங்கிடுங்க."

ஒருவரும் அசையவில்லை. தனலெட்சுமி ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த நிர்மல்தான் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பினான்.

"கெல்வின் உங்ககிட்ட சொன்ன அன்னைக்கே வீடு வீடா வந்து சொல்லிட்டான் அங்கிள், நீங்க சீக்கிரம் ஒக்காருங்க, பினாங்குக் கொடிமலை ஏறுற ரயிலுக்கு உங்களுக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் எடுத்து வச்சிருக்கோம்!"